வீட்டுப் பொருள்களின் கோணல் வடிவங்கள்: கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைக் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ, ஜக்கிலிருந்து ஊற்றும்போது மேசை நனைந்தால் நம் கையைத்தான் முதலில் நொந்துகொள்கிறோம். தப்பான பர்னரைப் பற்றவைத்தால் கவனக்குறைவு, மூடி திறக்காவிட்டால் கையில் பலமில்லை. ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருப்பதும் உண்டு. ஒரே ஜக்கில் வீட்டிலுள்ள எல்லோரும் சிந்துகிறார்கள் என்றால் எல்லோருடைய கையிலும் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. ஜக்கின் மூக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் டான் நார்மன் 1988-இல் அன்றாடப் பொருள்களைப் பற்றி எழுதிய நூலில் இதை அழுத்தமாகச் சொன்னார். தள்ள வேண்டிய கதவில் இழுப்பதற்கான கைப்பிடியைப் பொருத்தினால் யாராக இருந்தாலும் இழுக்கத்தான் செய்வார்கள். ‘தள்ளவும்’ என்று எழுதி ஒட்ட வேண்டி வந்தால் தவறு கதவைச் செய்தவருடையது. அப்படிப்பட்ட கதவுகளுக்கு ‘நார்மன் கதவு’ என்றே இன்று பெயர்.

உங்கள் வீட்டில் இருக்கும் நார்மன் கதவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. பெரும்பாலானவற்றுக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ரப்பர் பேண்ட், டேப், ஒரு துண்டு ஹோஸ் குழாய், வண்ண ஸ்டிக்கர்கள் இருந்தால் போதும்.

படி 1: எரிச்சலை எழுதிவையுங்கள்

ஒரு காகிதத்தைச் சமையலறைச் சுவரிலும் இன்னொன்றைக் குளியலறைக்கு வெளியிலும் ஒட்டுங்கள். ஒரு வாரத்துக்கு, எது எரிச்சல் தந்தாலும் அந்த நேரத்திலேயே ஒரு வரி எழுத வேண்டும். அப்புறம் எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகும். பழகிய எரிச்சல் மனதில் தங்குவதேயில்லை. வருடக்கணக்காக ஒரு டிராயரை இடுப்பால் இடித்துத்தான் மூடுகிறோம் என்பதுகூட நமக்கே தெரியாமல் இருக்கும்.

‘ஜக்கு மோசம்’ என்று எழுதினால் பயனில்லை. ‘மெதுவாக ஊற்றினால் மூக்கின் அடியில் வழிகிறது, வேகமாக ஊற்றினால் வழியவில்லை’ என்று எழுதுங்கள். கை என்ன செய்தது, பொருள் என்ன செய்தது, எந்த நிலையில் நடந்தது என்ற மூன்றும் இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வீட்டிலுள்ள மற்றவர்களையும் எழுதச் சொல்லுங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர், மூட்டு வலி உள்ளவர், குழந்தை என்று ஒவ்வொருவர் கைக்கும் வேறு வேறு பொருள் தகராறு செய்யும். இவர்களுடைய வரிகளுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். பலமான கை சமாளித்து மறைத்துவிடும் குறையைப் பலவீனமான கை உடனே காட்டிவிடும்.

இன்னொரு நல்ல தடயம், ஏற்கெனவே போட்டிருக்கும் ஒட்டுவேலைகள். கைப்பிடியில் சுற்றிய துணி, கதவிடுக்கில் செருகிய காகிதம், மேசைக் காலின் அடியில் மடித்து வைத்த அட்டை. இவை இருக்கும் இடமெல்லாம் ஒரு வடிவம் தோற்ற இடம். அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

படி 2: எந்த வகைக் குறை என்று பாருங்கள்

வாரம் முடிந்ததும் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். திரவம் சொன்னபடி கேட்கவில்லையா? ஊற்று. கை வலிக்கிறதா, வழுக்குகிறதா? பிடி. எது எதற்கு என்று குழம்புகிறதா? அடையாளம். கழுவ முடியவில்லையா? மூலை. பொருள் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இடிக்கிறது, எட்டவில்லை என்றால்? இடம். சில பொருள்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வரும், பரவாயில்லை.

படி 3: ஊற்றும் பாத்திரங்கள்

இதில்தான் மிக அதிகமாக நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஜக்கை எடுத்து, ஒரு டம்ளரில் மிக மெதுவாகச் சாயுங்கள். தண்ணீர் விளிம்பைத் தாண்டியதும் நேராக டம்ளருக்குள் விழாமல் வளைந்து, மூக்கின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, ஜக்கின் வயிற்றோடு இறங்கி மேசைக்குப் போகும். இப்போது சட்டென்று அதிகமாகச் சாயுங்கள். தாரை விளிம்பை விட்டு விலகி ஒழுங்காக விழும். அறிவியலில் இதற்குத் ‘தேநீர்க் கெண்டி விளைவு’ என்று பெயர். இஸ்ரேலிய அறிவியலாளர் மார்கஸ் ரெய்னர் 1956-இல் இதை ஒரு விடுகதையாக முன்வைத்தார். ஒட்டும் தன்மைதான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் 1957-இல் காற்றழுத்தத்தின் பங்கைக் காட்டினார். விளிம்பில் வளையும் திரவத்துக்குள் அழுத்தம் குறைகிறது, வெளியிலிருக்கும் காற்று அதைப் பாத்திரத்தோடு சேர்த்து அமுக்குகிறது. வழியாத மூக்கு எப்படி இருக்க வேண்டும் என்று கெல்லரும் ஜான்-மார்க் வான்டன்-ப்ரூக்கும் போட்ட கணக்குக்கு 1999-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. திரவம் விளிம்பை எவ்வளவு நனைக்கிறது என்பதும் முக்கியம் என்று 2010-இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். தண்ணீரை விலக்கும் பூச்சை விளிம்பில் பூசியபோது வழிவதே நின்றுவிட்டது.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது மூன்று விஷயங்கள்: வேகம், விளிம்பின் கூர்மை, விளிம்பின் நனைவு.

பல உலோகப் பாத்திரங்களில் விளிம்பை வெளிப்பக்கமாகச் சுருட்டியிருப்பார்கள். கையைக் கிழிக்காது, நசுங்காது, அதற்கு நல்லது. ஊற்றுவதற்கு மட்டும் அதைவிட மோசமான வடிவம் கிடையாது. உருண்டையான விளிம்பில் திரவம் வழுக்கிக்கொண்டே பின்பக்கம் திரும்பிவிடும். மெல்லிய, சட்டென்று முடிகிற விளிம்பில் அப்படித் திரும்ப வழியில்லை. கடையில் ஜக்கின் மூக்கு நுனியை விரலால் தடவிப் பாருங்கள். உருண்டையாகத் தெரிந்தால் வழியும். முனை தெளிவாகவும் சற்றே கீழ்நோக்கி வளைந்தும் இருந்தால் பெரும்பாலும் வழியாது.

இருக்கும் பாத்திரத்தை என்ன செய்வது? முதலில், கழுத்து வரை நிரப்பாதீர்கள். நிரம்பிய பாத்திரத்தைத் தயங்கித் தயங்கித்தான் சாய்க்க முடியும், தயக்கமே வழிவதற்குக் காரணம். இரண்டாவது, மூக்கின் அடிப்பக்கத்தில் விரல்நுனியால் துளி சமையல் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய்ப் பூச்சு தண்ணீரைப் பிடிக்க விடாது, அடுத்த கழுவல் வரை தாங்கும். மூன்றாவது, ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் குச்சியை வைத்துச் செய்யும் வேலை: விளிம்பைத் தொட்டபடி ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஊற்றினால், திரவம் பாத்திரத்தை விட்டுக் கரண்டிக் காம்போடு இறங்கி நேராகப் போய்ச் சேரும். மூக்கே இல்லாத பாத்திரத்துக்கு இதுதான் சிறந்த வழி.

‘க்ளக் க்ளக்’ என்று குதித்துக் குதித்துக் கொட்டும் கேன் வேறு பிரச்சினை. உள்ளிருக்கும் திரவம் வெளியே வர வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். வாய் ஒன்றுதான் என்பதால் இரண்டும் மாறி மாறி முட்டிக்கொள்கின்றன. வாய் ஓரமாக வைத்த கேன்களைப் பெரும்பாலோர் வாய் கீழே வரும்படி பிடிக்கிறார்கள். திருப்பிப் பிடியுங்கள். வாய் மேல்பக்கம் இருக்க, கேனைப் படுக்கையாகச் சாய்த்தால் திரவத்துக்கு மேலே காற்று போக வழி கிடைக்கும், தாரை அமைதியாக விழும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கேனின் வடிவத்தின் மேல் மரியாதையே வந்துவிடும். அங்கே வடிவம் சரி, எப்படிப் பிடிப்பதென்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

படி 4: பிடி

வாளியின் கம்பிக் கைப்பிடி ஏன் கையை அறுக்கிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. கம்பி 4 மில்லிமீட்டர் கனம், உள்ளங்கையில் அது படும் நீளம் சுமார் 8 சென்டிமீட்டர். அப்படியானால் சுமை முழுவதும் ஏறக்குறைய 3 சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 3 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். அதே கம்பியின் மேல் 28 மில்லிமீட்டர் கனமுள்ள உருளை இருந்தால் இந்தச் சுமை அரைக் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். வாளியும் தண்ணீரும் அதேதான்.

சரிசெய்ய: பழைய ஹோஸ் குழாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறி, கம்பியின் மேல் மாட்டி, இன்சுலேஷன் டேப்பால் இறுக்கமாகச் சுற்றுங்கள். துணிப் பைகளின் மெல்லிய காதுகளுக்கும் இதையே செய்யலாம்.

தடித்த கைப்பிடியின் அருமையை உலகத்துக்குக் காட்டியவர் சாம் ஃபார்பர். மூட்டுவாதம் இருந்த தம் மனைவி தோல் சீவும் கருவியைப் பிடிக்கச் சிரமப்பட்டதைப் பார்த்து, தடித்த, வழுக்காத ரப்பர் பிடி கொண்ட கருவிகளை 1990-இல் ஆக்ஸோ என்ற பெயரில் கொண்டுவந்தார். வலி உள்ளவர்களை நினைத்துச் செய்த பிடி, வலி இல்லாதவர்களுக்கும் பிடித்துப்போனது. உங்கள் வீட்டுக் கருவிகளில் பென்சில் அளவுக்கு மெல்லிய காம்பு உள்ளவற்றை எடுத்து, டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

வட்டமான கைப்பிடி இன்னொரு தொல்லை. கனமான வாணலியைச் சாய்க்கும்போது வட்டக் காம்பு உள்ளங்கைக்குள் உருளும், மணிக்கட்டுதான் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். முட்டை வடிவக் காம்பு உருளாது. குவளையின் காது சின்னதாக இருந்தால் விரல் முட்டி சூடான பக்கத்தில் படும். இதற்கு ஒட்டுவேலை எதுவும் உருப்படியாக அமையவில்லை, அந்தக் குவளையைக் குளிர்பானத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். கைப்பிடி கனத்தில் காலி வாணலியே சாய்ந்தால் அதை அடுப்பில் வைக்காதீர்கள். ஆட்டம் கண்ட கைப்பிடியோடு சூடான பாத்திரத்தைத் தூக்குவதும் கூடாது. ஸ்க்ரூவை இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் பாத்திரத்துக்கு விடைகொடுக்க வேண்டியதுதான்.

திறக்காத மூடிக்கு வருவோம். புதுக் கண்ணாடிப் புட்டி திறக்காமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் உள்ளே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால். கரண்டி முனையை மூடியின் ஓரத்துக்கு அடியில் கொடுத்து லேசாக நெம்புங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் காற்று உள்ளே போய்விட்டது, அப்புறம் குழந்தையும் திறக்கும். ஏற்கெனவே திறந்து மூடிய புட்டி என்றால் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது கை வழுக்கும். மூடியைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைப் போட்டுத் திருகுங்கள். உலோக மூடியை வெந்நீரில் சற்று நேரம் காட்டினாலும் இளகும், சூட்டில் உலோகம் கண்ணாடியைவிட அதிகமாக விரியும்.

படி 5: எது எதற்கு?

நான்கு பர்னர் அடுப்பில் பர்னர்கள் சதுரமாக இருக்கும், திருகுகள் நேர்வரிசையில் இருக்கும். இடது ஓரத் திருகு முன்பக்கப் பர்னருக்கா, பின்பக்கப் பர்னருக்கா? அடுப்பின் வடிவம் பதில் சொல்வதில்லை. 1959-இல் அமெரிக்க உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸும் அவருடன் ஆய்வு செய்த லிண்டன்பாமும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பின் பர்னர்களைச் சற்று நகர்த்தி, இடமிருந்து வலமாக நான்கும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்து, திருகுகளையும் அதே வரிசையில் அமைத்த அடுப்பில் பங்கேற்றவர்கள் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. வழக்கமான சதுர அமைப்புகள் எல்லாவற்றிலும் தவறுகள் நடந்தன. அந்த முடிவு வந்து இத்தனை காலமாகியும் கடைகளில் சதுர அடுப்புகள்தான் குவிந்து கிடக்கின்றன. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம். விடை தெரிந்த கேள்விக்கு வீட்டுக்கு வீடு விரல் சுடுகிறது.

உங்கள் அடுப்பை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு திருகுக்கும் மேலே, அடுப்பின் உடலில், நான்கு புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரம் வரைந்த ஸ்டிக்கரை ஒட்டி, அதற்குரிய புள்ளியை மட்டும் நிறமடித்துவிடுங்கள். ஸ்டிக்கரைத் திருகின் மேல் ஒட்டினால் திருகோடு சேர்ந்து சுழன்று குழப்பும்.

சபானிஸ் இந்த வேலைக்குப் புதியவர் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில், தரையிறங்கிய பிறகு இறக்கை மடிப்பை (ஃப்ளாப்) மூடப்போன விமானிகள் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். இரண்டு ஸ்விட்ச்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி. ஒன்றின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார் அவர். கண்ணால் பார்க்காமலே கை கண்டுபிடித்துவிடும்.

குளியலறையில் இதை அப்படியே பயன்படுத்தலாம். ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒரே மாதிரிப் புட்டியில் வந்தால், முகத்தில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு எதை எடுப்பது? ஜப்பானின் காவோ நிறுவனம் 1991-இலேயே ஷாம்பூ புட்டியின் பக்கவாட்டில் விரலுக்குத் தட்டுப்படும் வரிகளை வைத்தது. உங்கள் புட்டியில் இல்லை என்றால் ஷாம்பூவுக்கு மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மாட்டினால் மறுபடியும் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடும்.

சுவரில் வரிசையாக இருக்கும் ஸ்விட்ச்களுக்கு எழுத்து வேண்டாம், இருட்டில் படிக்க முடியாது. அதிகம் தேவைப்படும் ஒன்றுக்கு மட்டும் ஒட்டும் ரப்பர் பொட்டு ஒன்று வையுங்கள். செருகும் பக்கம் தெரியாத யூஎஸ்பி முனைகளுக்கு, மேல்பக்கத்தில் நெயில் பாலிஷ் புள்ளி. எப்படிச் செருகினாலும் போகும் சி-வகை முனை 2014-இல்தான் வந்தது, பழைய வகை இன்னும் நெடுநாள் நம்மோடு இருக்கும்.

படி 6: கழுவ முடியாத மூலைகள்

விரல் போகாத மூலை சுத்தமாகாது. டப்பா மூடியின் ஓரப் பள்ளம், தண்ணீர்ப் புட்டியின் ரப்பர் வளையம், கவிழ்த்து வைத்த குவளையின் அடிக்குழியில் தேங்கும் நீர் எல்லாம் இந்த ரகம். ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். கழற்றக் கத்தி வேண்டாம், வளையம் வெட்டுப்பட்டால் ஒழுகும். கரண்டிக் காம்பு போதும். முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். குவளையைத் தட்டையாகக் கவிழ்க்காமல் சற்றுச் சாய்த்து வைத்தால் குழியில் நீர் நிற்காது.

படி 7: பொருள் சரி, இடம் தப்பு

குழாயின் மூக்கு குட்டையாக இருந்து தொட்டியின் பின்சுவரை ஒட்டியே தண்ணீர் விழுந்தால், கை கழுவும்போதெல்லாம் முட்டி சுவரில் இடிக்கும். குழாய் முனையில் மாட்டும் நீட்டிப்புத் துண்டுகள் கிடைக்கின்றன, மாட்டிவிட்டால் தீர்ந்தது. எக்ஸ்டென்ஷன் போர்டில் துளைகள் நெருங்கியிருந்து ஒரு பெரிய சார்ஜர் பக்கத்துத் துளையையும் அடைத்துக்கொண்டால், சார்ஜர்களை ஓரத் துளைகளுக்கு மாற்றுங்கள். அடுத்த முறை துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும் போர்டாக வாங்குங்கள். கட்டில் சட்டத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களில், நம் கால் சுண்டுவிரல் இடிக்கும் உயரத்தில் பஞ்சுப் பட்டை ஒட்டுங்கள்.

படி 8: இவற்றில் கை வைக்காதீர்கள்

எரிச்சல் தரும் எல்லா வடிவமும் தப்பான வடிவம் அல்ல. அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மருந்துப் புட்டி மூடியை, குழந்தைகள் மருந்தைத் தின்று ஆபத்துக்குள்ளாவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த கனடா மருத்துவர் ஆன்ரி ப்ரோ 1967-இல் கொண்டுவந்தார். அது பிடிவாதம் பிடிப்பதே அதன் பணி. வீட்டுக்குக் குழந்தைகள் வருவார்கள் என்றால் அதை எளிதாக்க நினைக்காதீர்கள். மூடி பொருந்தாமல் ஓடாத மிக்ஸி, மற்ற இரண்டைவிட நீளமான எர்த் முள் கொண்ட ப்ளக் ஆகியவையும் அப்படித்தான். அந்த நீளம், மின்சாரம் தொடும் முன் எர்த் தொட வேண்டும் என்பதற்காக. போர்டில் நுழையவில்லை என்று அதை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். போர்டைத்தான் மாற்ற வேண்டும்.

படி 9: அடுத்ததை வாங்கும்போது

கடையில் பொருளைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். கையில் எடுங்கள், இடது கைக்கு மாற்றுங்கள், கண்ணை மூடிக்கொண்டு திறந்து மூடுங்கள். மூடியைப் பலமுறை போட்டு எடுங்கள். முதல் தடவை இனிமையாகச் சொடுக்கும் பூட்டு ஐந்தாவது தடவை நகத்தை மடக்கும். உள்மூலை எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நிரம்பியிருக்கும்போது எவ்வளவு கனக்கும் என்று கணக்குப் போடுங்கள், காலிப் பாத்திரம் எல்லாமே லேசாகத்தான் இருக்கும்.

இணையத்தில் வாங்குவதென்றால் அடிப்பக்கமும் உட்பக்கமும் தெரியும் படங்களைத் தேடுங்கள். அவை இல்லாத பொருளை நான் வாங்குவதில்லை. விமர்சனங்களில் நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள், குறையைப் பொறுமையாக விவரிப்பவர்கள் அவர்கள்தான். பெரிய சாமான்களுக்கு, அளவுப்படி செய்தித்தாளை வெட்டித் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்து பாருங்கள். டிராயர் திறக்கும் தூரத்தையும் கதவு வீசும் வட்டத்தையும் சேர்த்தே வெட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடுங்கள்.

படி 10: செய்தவர்களுக்குச் சொல்லுங்கள்

முதல் படியில் எழுதிய வரிகள் இங்கேதான் கை கொடுக்கும். ‘உங்கள் ஜக்கு தண்டம்’ என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்த மாடல், எவ்வளவு நிரப்பினால், எந்தச் சாய்வில், எந்த இடத்தில் வழிகிறது என்று நாலு வரி எழுதி, வழியும்போது எடுத்த ஒரு காணொளியையும் சேர்த்து அனுப்புங்கள். நீங்கள் செய்த ஒட்டுவேலையின் படத்தையும் வையுங்கள். குறையோடு தீர்வின் பாதியும் அதில் இருப்பதால் வடிவமைப்பாளருக்கு அது நேரடியாகப் பயன்படும். அனுப்பிய நகலை அந்தப் பொருளின் ரசீதோடு சேர்த்து வைத்திருங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், மாற்றித் தரக் கேட்கும்போது அது உதவும்.